பிளாஸ்க் மூடி

ஹல்துமுல்லைக்கு மேலே மண் சரிந்து கிடந்தது.
கொழுந்து லொறிக்கு முன்னால் மலை.
பின்னால், வந்த வழியைத் தண்ணீர் தின்றுகொண்டிருந்தது.
ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.
சாக்குகளின் மேல் மதலேனம்மா.

பிள்ளைக் காம்பரா ஆயா பேச்சாயிதான் பிள்ளையை வாங்கினாள்.
ஆண். ஏழு மாசம் முடியவில்லை.
கார்பன் பேப்பர் நீலம்.
ஒரே ஒரு தரம் அழுதான்,
எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி.

"டிரைவரண்ணே, தண்ணி எடுங்க."
குடிக்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
"புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்."
நான் ரோதமுனிக்குச் சேவல் அறுக்கிறவன், தாயி.
"யாரும் ஊத்தலாம். வேற ஆள் இருக்கையில
பெத்தவ ஊத்தக் கூடாது.
உபதேசியார் சொல்லியிருக்காரு."
பேச்சாயியின் இரண்டு கையிலும் இரத்தம்.
மிச்சம் நான்தான்.

ரேடியேட்டர் கேனில் தண்ணீர் இருந்தது,
மேலே எண்ணெய் மினுமினுத்தது.
அது வேண்டாம் என்று எனக்கே பட்டது.
பிளாஸ்க் மூடியை வெளியே நீட்டினேன்.
மலையை இறக்கிய அதே மழை
ஒரு நிமிஷத்தில் அதை நிரப்பிற்று.
காலையில் குடித்த பிளேன்டீயின் வாசம் இன்னும் அதில்.

பேரு?
அவர்கள் பொம்பளைப் பிள்ளைப் பேர்தான் பார்த்து வைத்திருந்தார்கள்.
"நீங்களே ஒன்னு சொல்லுங்கண்ணே."
எனக்குத் தெரிந்த ஒரே வேதக்காரப் பேர்
அஞ்சாம் வகுப்பில் என் பென்சிலைத் திருடியவனுடையது.

இன்னாசி,
பிதா,
சுதன்,
பரிசுத்த ஆவியின் பெயராலே...
அவள் ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்ல
நான் ஒவ்வொரு சொல்லாய் ஊற்றினேன்.
நெற்றியில் பூனைமயிர் படிந்தது.
பாதித் தண்ணீர் என் சட்டைக் கைக்குள் போனது.

ஹெட்லைட் மங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினோராம் நாள் பாதர் பதிவுப் புத்தகத்தோடு லயத்துக்கு வந்தார்.
கொடுத்தவர் என்ற கட்டத்தில்
வீ. சங்கிலிமுத்து, லொறி டிரைவர் என்று எழுதினார்.
கட்டம் போதவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினார்.

நம்பாத கை ஊத்துனா செல்லுமா, சுவாமி?
"ஊத்துனது உங்க கை.
கழுவுனது உங்க கை இல்லை."

அப்ப, மழையே இல்லாம இருந்திருந்தா?
ஒரு சொட்டுத் தண்ணி இல்லாட்டி
அந்தப் பச்சைப் புள்ளைய வாசல்ல நிப்பாட்டுவாரா?
பேனாவை மூடினார். திறந்தார்.
"தண்ணிக்குக் கட்டுப்பட்டது நாம. அவரு இல்லை."
பிறகு, தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தபடி,
"அப்படித்தான் நான் நம்புறேன்."

முழுக்கு என்றால் ஆண்டவரோடு புதைந்து
ஆண்டவரோடு எழும்புவதாம்.
புதைவது எங்களுக்குத் தெரியும்.
ஏழாம் நம்பர் லயத்தை மலை மூடியபோது
மூன்று நாள் மண்வெட்டியோடு நின்றவன் நான்.
எழும்பி வந்தது
ஒரு சோத்துச் சட்டி, ஒரு சைக்கிள் சில்லு.
அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் பேச்சில் ஒருத்தரைத் தலைமுழுகினால்
உறவு அறுந்தது என்று அர்த்தம்.
அவர்கள் பேச்சில் அதே தண்ணீர்
உறவில் சேர்க்கிறது.
எது எந்தத் தண்ணீர் என்று
விழும்போது அதற்குத் தெரியுமோ என்னவோ.

அன்று விடியக்காலைதான் வீடு வந்தேன்.
படி ஏற விடவில்லை என் பெஞ்சாதி.
"செத்த புள்ளையத் தொட்டிருக்கீங்க.
பீலியில குளிச்சிட்டு வாங்க."
துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

பனிக்கட்டி போலத் தண்ணீர்.
தலையைக் கொடுத்தேன், தோளைக் கொடுத்தேன்.
வலது கையை மட்டும்,
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது,
பீலிக்கு வெளியே
நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.